வாவிப் பக்கத்து முனை

கயிற்றின் ஒரு முனை எப்போதும் இமெல்டாவுடையது. மறுமுனைக்குக் கராஜின் கடல்பக்கச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அவள் கணவன் ஜூலியன் அங்கே முடிச்சுப் போட்டுவிட்டு, நிற்கிற வண்டிக்கு மேலாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு வருவான். வாவிப்பக்கச் சுவரின் பூச்சு உப்பில் ஊறிப் பொரிந்து போயிருந்தது. அங்கே ஆணி நிற்காது. ஆகவே அந்த முனையை அவள் வாங்கிக் கையை உயர்த்தி, சுவரில் ஓடும் பழுப்புக் கோட்டின்மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

"பிடிச்சிட்டியா புள்ள?"

"பிடிச்சிட்டன்."

"கோட்டிலதானே?"

"கோட்டிலதான்."

கல்யாணம் முடித்துத் தாண்டவன்வெளியிலிருந்து பெரியகல்லாற்றுக்கு வந்தபோது அவளுக்குத் தையல் தெரியும், பாட்டுக் குழுவில் பாடத் தெரியும், மீன் பார்த்து வாங்கத் தெரியும். கராஜ் வேலைக்குக் கயிறு பிடிப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பாட்டை அவள் விட்டுவிட்டாள். கயிறு கைக்கு வந்துவிட்டது.

பெரியகல்லாற்றில் ஊர் என்பது இரண்டு தண்ணீருக்கு நடுவே கிடக்கும் ஒரு துண்டு மணல். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியை அங்குள்ளவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஜூலியனின் கராஜுக்கு வடக்கே வாசல். கிழக்குச் சுவரில் பெரிய யன்னல்கள் இரண்டு. பாலன் பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது அந்த யன்னல்களாலும் வாசலாலும் புகுந்து, தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. சுவர்கள் நின்றுவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், இரண்டு சுவரிலும் இமெல்டாவின் நெற்றிக்குச் சற்று மேலே, பழுப்பாக ஒரு கோடு.

ஜூலியன் அந்தக் கோட்டை வேலைக்கு எடுத்துக்கொண்டான். கராஜின் தரை, சில்லுகள் நிற்கிற இரண்டு மட்டமான பட்டைகளைத் தவிர, கழுவுகிற தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக ஆற்றுப்பக்கம் சரித்துப் போடப்பட்டது. அந்தத் தரையை நம்பி ஒரு வண்டியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க முடியாது. கோட்டை நம்பலாம். இந்தச் சுவர்க் கோட்டிலிருந்து அந்தச் சுவர்க் கோட்டுக்குக் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளந்தால், எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். "தண்ணி சாஞ்சு நிக்குமா?" என்று கேட்பான். "எல்லாத்தையும் கொண்டுபோன கடல், ஒரு நேர்கோட்ட மட்டும் விட்டிட்டுப் போயிரிக்கி."

ஒவ்வொரு நத்தாருக்கும் சுவருக்கு வெள்ளை அடிப்பான். கோட்டுக்கு மேலே அடிப்பான், கீழே அடிப்பான். கோட்டின்மேல் தூரிகை படாது. மாரி தொடங்கினால் அந்த இடம் மட்டும் உப்பு வேர்த்துக் கறுக்கும். மழை வருவதற்கு முன்பே கறுக்கும். இமெல்டா அந்த நாட்களில் கராஜுக்குள் போனால் பாவாடையை அறியாமல் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

கோடு வேலைக்கு மட்டும் அல்ல என்பது அவளுக்குத் தெரியும். வாவிப்பக்கச் சுவரில் கோட்டுக்கு நாலு விரல் மேலே கரியால் கீறிய ஓர் அடையாளம் இருந்தது. கடல் வந்த அன்று காலை அந்தச் சுவரோரமாக ஒரு சின்ன லொறி, ஸ்பிரிங் கழற்றி, மரக்குற்றிகளின்மேல் நின்றது. இமெல்டா பூசைக்குப் போயிருந்தாள். முதல் தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது ஜூலியன் நாலு வயது மகள் டினோஷாவைத் தூக்கி லொறியின் கூரையில் இருத்தினான். "அசையாம இரி கிளி, அம்மாவக் கூட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கோயில் ரோட்டுக்கு ஓடினான். இரண்டாவது தண்ணீர் அவனை ரோட்டிலேயே பிடித்தது. ஒரு தென்னையில் சிக்கித் தப்பித் திரும்பி வந்தபோது லொறி நின்ற இடத்திலேயே நின்றது. கூரையில் பிள்ளை இல்லை.

லொறிக்காரன் வந்து வண்டியை எடுத்துப் போவதற்கு முன் ஜூலியன் அதன் கூரை உயரத்தைச் சுவரில் கீறி வைத்தான். தண்ணீர்க் கோட்டைவிட நாலு விரல் உயரம். ஆகவே தண்ணீர் கூரையைத் தொடவில்லை. ஆகவே பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோகவில்லை. யாரோ தோணியில் வந்தவர்கள் இறக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையான படுவான்கரைக்குப் போயிருக்கிறார்கள்.

அவன் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. காலையில் கராஜைத் திறந்ததும் நாலு விரலைச் சேர்த்துக் கோட்டுக்கும் கரிக்கும் நடுவே ஒருமுறை வைத்துப் பார்ப்பான். பிறகுதான் வேலை. ஆறு தாண்டிப் போகிற பாதை சண்டையில் மூடியிருந்த காலத்தில் துறையடியில் போய் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாதை திறந்ததும் படுவான்கரையில் ஊர் ஊராக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினான். வடக்கே சண்டை முடிந்த வருடம் செட்டிக்குளம் அகதி முகாம்களுக்குப் போய்க் கம்பிவேலிக்கு வெளியே நின்றான். நாலு வயதுப் படத்தைக் காட்டி ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்டான். வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்கள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர்களிடமிருந்த படங்களை அவனிடம் நீட்டினார்களாம். அதை மட்டும் இமெல்டாவிடம் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை.

அவளும் அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அன்று அவளும் அந்தத் தண்ணீருக்குள் இருந்தாள். கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அது குளம்போல நிறைந்து வரவில்லை. விரித்த பாயை ஒருவன் கடல்பக்கம் பிடித்துத் தூக்கினால் எப்படிச் சரியுமோ, அப்படி முழுத் தண்ணீரும் சரிந்து ஓடியது. எதிர்ப்பட்ட சுவரில், மரத்தில், மனிதரில் ஏறி ஏறி ஓடியது. ஜூலியன் நேர்கோடு என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பாய் ஞாபகம் வரும்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரிப் பக்கற் வாங்கிச் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போவாள். அவள் அப்பாவுக்கு, ஜூலியனின் அம்மாவுக்கு என்று கொளுத்துவாள். பிள்ளைக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்து, கொளுத்தாமல் திரும்பக் கொண்டுவந்து அலுமாரியில் போடுவாள். ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"உசிரோட இரிக்கிற புள்ளைக்குச் சேமக்காலையில விளக்கு வைக்கிறயா?" என்றான் ஜூலியன். கோபம் இல்லை. அவள் ஏதோ தெரியாமல் பேசிவிட்டதைப் போல, மெதுவாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்தால் மெழுகு வாசம் வரும்.

இப்படியிருக்கையில்தான், சண்டை முடிந்த அடுத்த வருடம், முத்தலிப் அந்தக் காரைக் கொண்டுவந்தான்.

ஏறாவூர்ப் பொடியன். கல்முனைக்குத் துணி ஏற்றி இறக்குகிற வியாபாரம். அவன் மாமாவின் லொறிக்கு ஜூலியன்தான் எப்போதும் ஸ்பிரிங் பார்ப்பவன். ரோட்டெல்லாம் சோதனைச் சாவடி கழன்றுபோன உற்சாகத்தில் ஒரு வெள்ளைக் கார் வாங்கி, அதைத் தரையோடு பதிக்க ஆசைப்பட்டுக் கொழும்பில் யாரிடமோ குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தான். கார் பதிந்துதான் இருந்தது. ஆனால் இடப்பக்கம் கூடப் பதிந்திருந்தது.

"ஜூலியன் அண்ணன், பாருங்க இதை. ஒரு காலு குட்டையான மாப்புள மாதிரி நிக்கிது. எங்கட உம்மா ஏறமாட்டாவாம். விழப்போகுதுடா மனே எண்டு இறங்கி நடக்கிறா."

"போட்டவன் என்ன சொன்னான் தம்பி?"

"ஓட ஓடச் சரிவரும் எண்டான். ஓடி ஓடிப் பெற்றோல்தான் முடிஞ்சிது."

ஜூலியன் சில்லைக் கழற்றிப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். இடப்பக்க ஸ்பிரிங்கின் வால்முனை, தட்டில் அதற்கென்று இருக்கும் படியில் உட்காராமல் விலகி நின்றது. அத்தோடு, கார் ஜெக்கில் தொங்கும்போதே கீழ்க்கைகளின் நட்டை இறுக்கியிருந்தார்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் உள்ளேயிருக்கும் றப்பர் முறுகிப் பிடித்துக்கொண்டு, பாரம் இறங்கிய பிறகும் காரை ஒழுங்காக உட்கார விடாது. ஸ்பிரிங்கைத் திருப்பிப் படியில் இருத்தினான். நட்டுகளைத் தளர்த்தி, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் குலுக்கி, அதன் பாரத்திலேயே நிற்கவிட்டு இறுக்கினான். கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அவன் கண்ணை நம்புகிறவன் இல்லை. "புள்ள, வாகா!" என்று கூப்பிட்டான். இமெல்டா வந்து முனையைப் பிடித்தாள். கயிற்றின் கணக்கில் இடப்பக்கம் இன்னும் அரை அங்குலம் தாழ்வு. அந்தப் பக்க ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தடித்த றப்பர் வளையம் வைத்து உயர்த்தினான். கயிறு சரியென்றது. அனுப்பிவிட்டான்.

லொறிக்கும் உழவு மெசினின் பெட்டிக்கும் அரை அங்குலத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பதித்த காரில் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே விரல் நுழைகிற இடைவெளிதான். அதில் அரை அங்குலம் ஊருக்கே தெரியும்.

முத்தலிப் திரும்பி வந்தது ஆத்துமாக்கள் திருநாளன்று. மழை விட்டிருந்தது. வாசலில் தண்ணீர் கட்டி நின்றது. வேலை முடிந்ததும் நேரே கல்முனைக்கு ஓட வேண்டும் என்று, இந்தமுறை பின்பக்கமாகவே காரைக் கராஜுக்குள் ஏற்றினான்.

"அண்ணன், நீங்க குடுத்த மருந்துக்கு வருத்தம் மத்தக் காலுக்கு மாறிட்டு. முந்தி இடது, இப்ப வலது. சந்தியில நிக்கிறவனெல்லாம் என்னைப் பாத்துத் தலையச் சரிச்சுக் காட்டுறான்."

"கயித்தில பாத்துத்தானே தந்தன்?"

"கயித்துக்கு நல்லாத்தான் இரிக்கும். ரோட்டுக்கு வடிவில்லையே!"

இமெல்டா குசினியில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் கையைக் கழுவாமல் வந்துவிட்டாள். முனையை வாங்கிக் கோட்டில் அழுத்தினாள். ஜூலியன் குண்டுக் கயிற்றைத் தொங்கவிட்டு இருபக்கமும் அளந்தான். அவன் முகம் மாறியது. வலப்பக்கம் ஒரு அங்குலம் தாழ்வு.

"ஸ்பிரிங் இளகிட்டோ?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, காரைத் தூக்கி, அன்று வைத்த வளையத்தைக் கழற்றினான். இறக்கினான், குலுக்கினான், இறுக்கினான். அவள் மறுபடி முனையைப் பிடித்தாள். வலப்பக்கம் அரை அங்குலம் தாழ்வு.

"அப்ப வளையத்தை வலப்பக்கம் வைக்கோணும்" என்றான்.

"அண்ணன், ஒண்டு செய்வம். கார நடுவால வெட்டி ரெண்டு மோட்டச்சைக்கிளாத் தாங்க."

ஜூலியன் சிரிக்கவில்லை. இமெல்டா கார் நிற்கும் பக்கத்தைப் பார்த்தாள். அன்று இந்தக் கார் முகத்தை உள்ளே வைத்து நின்றது. கடலைப் பார்த்தது இடப்பக்கம், தாழ்ந்ததும் இடப்பக்கம். இன்று முகம் வாசலில். கடலைப் பார்ப்பது வலப்பக்கம், தாழ்வதும் வலப்பக்கம். எந்தப் பக்கம் கடலுக்குக் காட்டப்படுகிறதோ அந்தப் பக்கம் தாழ்கிறது. காரில் ஒன்றுமில்லை. கயிறுதான் சரிந்திருக்கிறது. கடல்பக்கக் கோடு உயரம், அவள் விரல் நிற்கும் கோடு பதிவு.

கோடு சரிவென்றால் தண்ணீர் இந்த இடத்தில் நிற்கவே இல்லை. கோட்டைக் கீறும்போதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடுகிற தண்ணீருக்கு நாலு விரல் என்ன கணக்கு?

ஜூலியன் வளையத்தைக் கையில் எடுத்துவிட்டான். இன்றைக்கு அதை வலப்பக்கம் வைத்தால் நாளைக்கு முத்தலிப் மறுபடி வருவான். மறுநாளும் வருவான். என்றாவது ஒருநாள் ஜூலியனே காரைத் திருப்பி நிறுத்திப் பார்ப்பான்.

"பொறுங்க" என்றாள். "கயிறு தொய்ஞ்சிட்டு. இன்னொருக்கா அளங்க."

அவன் குனிந்து நாடாவைப் பிடித்தபோது அவள் பெருவிரலைக் கோட்டிலிருந்து மெல்ல மேலே நகர்த்தினாள். உடம்பு அசையவில்லை. விரல் மட்டும் சுவரில் ஊர்ந்தது.

"வித்தியாசம் கொஞ்சம் குறைஞ்சிருக்கி..." என்றான் அவன். அவள் இன்னும் சற்று நகர்த்தினாள். "பொறு, பொறு. இந்தா சரி! ரெண்டு பக்கமும் ஒண்டு!" நிமிர்ந்தான். முகத்தில் ஒரு பொடியனின் சந்தோசம். "பாத்தயா தம்பி? றப்பர் கொஞ்சம் நேரம் எடுத்து உக்காந்திரிக்கி. வளையமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கோடு பொய் சொல்லாது."

முத்தலிப் காரை வெளியே எடுத்தான். ரோட்டில் நிறுத்தி, இறங்கி, முன்னால் குந்தி, பின்னால் குந்திப் பார்த்தான். மெய்யாகவே நேராக நின்றது. "அக்கா, உங்கட கைராசி!" என்று கத்திவிட்டுப் புறப்பட்டான். சேற்றுத் தண்ணீர் இருபக்கமும் ஒரே அளவாகத் தெறித்தது.

இமெல்டா குசினிக்குத் திரும்பினாள். மீன் சட்டியை அடுப்பில் வைத்தாள். கராஜிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கயிற்றைச் சுற்றி மாட்டுகிற சத்தம்கூட வரவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

அவன் வாவிப்பக்கச் சுவருக்கு முன்னால் நின்றான். வெள்ளைச் சுவரில், பழுப்புக் கோட்டுக்கும் கரிக்கும் நடுவே, மஞ்சளாக ஒரு பெருவிரல்.

"விரல எங்க வெச்சிருந்தாய்?" என்றான் திரும்பாமல்.

அவள் மஞ்சள் கையைச் சட்டையில் துடைத்தாள். அவன் அவளைத் தாண்டி வெளியே போனான். பக்கத்து வளவில் புது வீடு கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் மட்டம் பார்க்கிற குழாயை வாங்கி வந்தான். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோன்ற நீண்ட குழாய். ஒரு முனையை அவளிடம் நீட்டினான். ஊரில் எந்த மேசனிடமும் இருக்கிற இதை இத்தனை வருடம் அவன் ஒருநாளும் வாங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் கடல்பக்கச் சுவருக்குப் போய்த் தன் முனையின் தண்ணீரைக் கோட்டுக்கு நேராகப் பிடித்தான். அவளுடைய முனையில் தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி, ஆடி, கடைசியில் நின்றது.

"எங்க நிக்கிது?"

"இஞ்ச" என்றாள்.

"இஞ்ச எண்டா?"

"விரலடியில."

அவன் குழாயைத் தரையில் விட்டான். தண்ணீர் சிமெந்தில் ஓடி ஆற்றுப்பக்கம் போனது. அவள் அருகே வந்து, மஞ்சள் அடையாளத்துக்கும் கரிக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தான்.

"அப்பயும் ரெண்டு விரல் மிச்சம் இரிக்கி" என்றான். குரல் கெஞ்சியது. அவளிடம் கெஞ்சுகிறதா சுவரிடமா என்று தெரியவில்லை. "இமெல்டா, ரெண்டு விரல் இரிக்கிதானே?"

இரிக்கி என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த கார்த்திகையும் அதற்கடுத்த கார்த்திகையும் கண்முன்னால் வந்தன. எங்கோ ஒரு வேலிக்கு வெளியே, வளர்ந்துகொண்டேபோகும் பிள்ளையை வளராத படத்தை வைத்துக்கொண்டு தேடும் அவனும் வந்தான்.

"நிண்ட தண்ணியெண்டா கோடு நேரா இரிக்கும்" என்றாள். "இது ஓடின தண்ணி. நான் அதுக்குள்ள நிண்டன். சுவரக் கண்டா ஏறிச்சு. மரத்தக் கண்டா ஏறிச்சு."

"லொறியக் கண்டா?"

அவள் அவன் கையைப் பிடித்துச் சுவரிலிருந்து எடுத்தாள். அது அவள் கையைவிடக் குளிராக இருந்தது. கூரைத் தகரத்தில் மழையின் முதல் துளிகள், சின்னப் பாதங்கள் தத்துகிற மாதிரி, இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தன. இருவரும் மேலே பார்க்கவில்லை.

"முந்தியே தெரியுமா உனக்கு?" என்று கேட்டான்.

"தண்ணி தெரியும். கோடு இண்டைக்குத்தான் தெரியும்."

"ஏன் விரல ஏத்தினாய்?"

"நீங்க சரி எண்டு சொல்லோணும் எண்டுதான்" என்றாள்.

பொழுது சாய மழை விட்டது. அவள் சேலை மாற்றி, அலுமாரியைத் திறந்து, பழைய மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தனியே சேமக்காலைக்கு நடந்தாள். அவன் கராஜின் வாசலில் குந்தியிருந்தான். தடுக்கவில்லை.

அப்பாவுக்கும் மாமிக்கும் கொளுத்திவிட்டுப் பெரிய சிலுவையடிக்குப் போனாள். கல்லறை இல்லாதவர்களுக்கு அங்கேதான் விளக்கு. ஈரமணலில் முன்பே ஒரு கூட்டம் சுடர்கள் கடல்காற்றுக்குக் குனிந்து நின்றன. அவள் குந்திப் பிள்ளையின் திரியை மணலில் ஊன்றினாள். கொளுத்தினாள். அணைந்தது. இன்னொருமுறை கொளுத்தினாள். அணைந்தது.

மூன்றாவது குச்சியை அவள் உரசியபோது, கடல்பக்கமிருந்து இரண்டு உள்ளங்கைகள் வந்து திரியைச் சுற்றி வளைந்தன. விரல் இடுக்கெல்லாம் கிறீஸ். நகக்கண்ணில் கராஜ் சுவரின் சுண்ணாம்பு. சுடர் பிடித்துக்கொண்டது.

ஜூலியன் அப்படியே குந்தியிருந்தான். ஈரமணல் இளகியதால் திரி சிறிது சிறிதாக வாவிப்பக்கம் சரிந்தது. அவன் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு ஒரு கையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, மறுகையால் அதை நிமிர்த்தி, அடியில் மணலை அணைத்து அழுத்தினான்.